என்ன வகைத் தோல்

ஜூன் 8, ஞாயிறு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நெற்றியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் ஒட்டியிருக்க, அது தெரியாமலே பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்திருக்கிறேன். எதிர் சீட்டு அம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தார். கழுவின முகம் பளிச்சென்று இருக்கிறது போல என்று நினைத்து நானும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர்தான், "ஏளா, நெத்தியில என்ன, பஸ் டிக்கெட்டா?" என்று உரித்தெடுத்தார்.

ஒட்டியவள் ஜெசிந்தா. தூத்துக்குடியில் புதிதாகத் திறந்திருக்கிற கொரியா க்ரீம் கடையில் நிற்கிற பெண். மகளுக்கு வாங்க வந்தேன் என்று ஒரு பொய் சொன்னேன்.

"அவங்களுக்கு என்ன ஸ்கின் டைப் ஆன்ட்டி?"

"நான் பெத்த பிள்ளதான. என் தோலுதான் அவளுக்கும். என்னையவே பாரு."

முகத்தைக் கழுவச் சொல்லி, ஒன்றும் தடவாமல் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டாள். வெகுநேரம் கழித்து வந்து நெற்றி, மூக்கு, கன்னம் என்று பேப்பரை ஒற்றி, ஒவ்வொன்றையும் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் இருக்கிறதாம், கன்னம் வறட்சியாம். காம்பினேஷன் ஸ்கின் என்றாள். மேலே வடை சுடலாம், கீழே வடகம் காயப்போடலாம் என்றேன். பாவம், அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சங்கதி இதுதான். ஆவணியில் என் மகள் ரஞ்சனியைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள். எனக்கோ கொஞ்ச நாளாகக் கன்னம் இரண்டும் சிவந்து எரிகிறது. சம்பந்தியம்மா முன்னால் தக்காளிப்பழமாகப் போய் நிற்க முடியுமா?

முகம் கழுவுகிற நுரை, பூசுகிற தண்ணீர், நத்தையின் வழுவழுப்பில் செய்த கோந்து, வைட்டமின் சொட்டு, கடைசியாக ஒரு பச்சை டப்பா க்ரீம் என்று ஐந்து வாங்கினேன். பச்சை டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வல்லாரையாம். நாம் துவையல் அரைக்கிறதை அவர்கள் டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒவ்வொண்ணா ஆரம்பிங்க ஆன்ட்டி. மொதல்ல காதுக்குப் பின்னால தடவிப் பாருங்க. என்னைக்கு எதைப் போட்டீங்க, எப்படி இருந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வைங்க" என்றாள். அதற்காகத்தான் அரிசிக் கடையில் கொடுத்த டைரியை எடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பது ஒரு வசதி.

ஜூன் 11, புதன்

குழம்பு என்றால் எல்லாச் சாமானையும் போட்டால்தானே குழம்பு. ஐந்தையும் ஒரே நாளில் போட்டேன்.

விடியற்காலை விற்பனைக்கு அவிக்கிற இடியாப்பக் கொப்பரையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மிளகாய் அரைத்து அப்பின மாதிரி இருந்தது. பிழிந்துகொண்டிருந்த இடியாப்பத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டேன். புட்டு வாங்க வந்த பால்தாய், "என்ன அத்த, தொட்டிக்குள்ள யாரத் தேடுதிய?" என்றாள். "நத்தைய விட்டுட்டேன், திரும்பப் பிடிக்கேன்" என்றேன்.

ராத்திரி வழக்கம்போல மஞ்சள் டியூபைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குளுகுளு என்று அடங்கிவிட்டது. கொரியா என்ன கொரியா, நம் மெடிக்கல் கடை டியூப் முன்னால் நிற்க முடியாது.

அந்த டியூபைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா நிறம் வரும் என்று வாங்கிக் கொடுத்தது. அப்போது என் மாமியார் எனக்கு வைத்திருந்த பெயர் கருப்பட்டி. என் சொந்தப் பெயர் சந்தனமாரி. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கூட்டத்தில் சிரிப்பார்கள். "கருப்பட்டி இப்ப என்ன வெல விக்கி தெரியுமா அத்த" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அதைத் தடவாமல் படுத்ததில்லை.

இப்போது டியூப் சீக்கிரம் காலியாகிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு இடுப்பில் படர்தாமரை. எடுத்துப் போடுகிறார் போல. இடுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

ஜெசிந்தாவிடம் சண்டை போடவென்றே கிளம்பினேன். போகும்போது ரஞ்சனியிடம், "கருப்பட்டிச் சில்லு, நீயும் வாரியாட்டி, உனக்கும் நத்தை வாங்கித் தாரேன்" என்றேன். சின்ன வயதிலிருந்து நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவது. தலை சீவிக்கொண்டே இருந்தாள். நகைக் கடையில் நாள் பூராவும் நின்று பேசுகிற பிள்ளை, வீட்டில் வாயைத் திறக்க அலுப்பு.

ஜெசிந்தா என் கன்னத்தருகே லைட்டைப் பிடித்தாள். நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிகிறதாம்.

"ஆன்ட்டி, இது போக வேற என்ன போடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ராத்திரி?"

போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிக் கேட்கமாட்டார்கள். டியூபைச் சொன்னேன். லைட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். "எத்தனை வருஷமா?" என்றாள். ரஞ்சனிக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது, அதற்கு முன்னாலிருந்தே என்றேன்.

"நான் டிஷ்யூ வச்சுப் பார்த்ததெல்லாம் சும்மா ஆன்ட்டி. அந்தக் க்ரீமுக்குப் பின்னால உங்க ஸ்கின் என்னன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அது நின்ன பெறகுதான் தெரியும். மொதல்ல ஸ்கின் டாக்டரைப் பாருங்க."

சண்டைக்குக் கொண்டுபோன ஐந்தையும், பிரித்திருந்தும், அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள். விற்கிறவளே வேண்டாம் என்கிறாள். இந்தக் கடை எப்படி உருப்படும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. தோல் டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் புறநோயாளிகளைப் பார்க்கிறார். டியூபைக் காட்டினதும் பெருமூச்சு விட்டார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, முகத்தில் தினமும் போடுகிற மருந்தே இல்லை, தோல் மெலிந்துபோய்விட்டது என்றார். திடுமென்று விட்டுவிடக் கூடாதாம். வேறொன்று எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

"நடுவுல முகம் ரொம்ப மோசமாகும்மா. எரியும், உரியும். பயந்து திரும்ப அதையே போட்டுறாதீங்க."

முகத்துக்கு வாசனையில்லாத சாதா க்ரீம், வெளியே போனால் சன்ஸ்கிரீன். வேறொன்றும் கூடாது. ஆவி படக் கூடாதாம். ஆவியில்லாமல் இடியாப்பம் எப்படி வேகும் என்று கேட்டேன். அது அவர் படிப்பில் இல்லை.

ஜூன் 30, திங்கள்

எரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

அவித்த இறால் மாதிரி இருக்கிறது முகம். கண்ணிமை வீங்கிவிட்டது. இடியாப்பம் வாங்க வருகிறவர்கள் காசை என் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம். "ஒட்டாது, எடுத்துக் குடுத்தாலும் நீங்க வாங்கிக்க முடியாது" என்றேன். இரண்டு வீடு வாங்குவதை நிறுத்திவிட்டது.

வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். எதற்கும் அசரமாட்டார். என்னை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஏளா, வலிக்கா?" என்று மட்டும் கேட்டார். கேலி பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த மஞ்சள் டியூபை நீங்களும் இனிமேல் இடுப்புக்குப் போடாதீர்கள், டாக்டரம்மா திட்டுகிறார் என்றேன்.

"நான் என்னைக்குப் போட்டேன்? எனக்கு ஆஸ்பத்திரிப் பவுடருல்லா. டியூபு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

நாளைக்குப் புட்டுக்குச் சிவப்பரிசி ஊறப்போட வேண்டும்.

ஜூலை 9, புதன்

ரஞ்சனி கன்னத்தில் கொஞ்ச நாளாகச் சிவப்பு ஓடுகிறது. கல்யாணப் பேச்சு நடக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். கடையில் ஏசி வேறு.

நான் பரணில் போட்டுவைத்த டியூபைத் தேடினேன். இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

எலி இல்லை.

குளித்துவிட்டு வந்தவள் கதவைச் சாத்தாமல் கண்ணாடி முன்னால் நின்று தடவிக்கொண்டிருந்தாள். புது டியூப். அவளாகவே வாங்கியிருக்கிறாள். என்னைக் கண்ணாடியில் பார்த்தாள், நிறுத்தவில்லை.

"எத்தன நாளாட்டி?"

"காலேஜ் முடிச்சதுலருந்து. உன்னுதத்தான் எடுப்பேன். நீ நிறுத்துன பெறவு பரணுல கெடந்ததும் தீந்துச்சு, நானே வாங்கிக்கிட்டேன்."

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போடுத?"

"நீ இத்தன வருசம் போட்டப்ப நல்லாத்தானம்மா இருந்த. நிறுத்துனதுலதான் இப்படி ஆச்சு."

அதற்குப் பதில் டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. கடையில் சேர்ந்த புதிதில் அவளை வெள்ளிக் கொலுசுப் பக்கம்தான் நிறுத்தினார்களாம். உள்ளே, மாடிப்படிக்குக் கீழே. நிறம் வந்த பிறகுதான் முன்னால் தங்கத்துக்கு மாற்றினார்களாம். கழுத்தில் வைத்துக் காட்டினால் நகை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றாராம் மேனேஜர்.

"அவன் கெடக்கான், நீ அழகுட்டி" என்றேன்.

"நீதானம்மா கருப்பட்டிச் சில்லும்ப."

"அது செல்லத்துக்குல்லா."

"செல்லத்துக்குத்தான். ஆச்சியும் உன்னய அப்படித்தான சொன்னா. நீ எதுக்கு டியூபு வாங்குன?"

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போய் இறக்கினேன்.

ஜூலை 14, திங்கள்

டியூபைப் பிடுங்கி எறியலாம் என்று பார்த்தேன். எறிந்தால் இன்னொன்று வாங்குவாள். மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், சீட்டுக்கூடக் கேட்பதில்லை. ஆவணி முடிந்ததும் விட்டுவிடுகிறேன் என்கிறாள். பெண் பார்த்து, பூ வைத்து, கல்யாணமும் முடியட்டும் என்பாள். பிறகு பிள்ளைப்பேறு. இருபத்து நாலு வருஷம் இப்படித்தான் போகும். எனக்குத் தெரியாதா.

நான் இதில் ஜெயித்தே ஆக வேண்டும். எனக்கு முகம் எப்படி ஆனாலும் சரி. அவளுக்கு இப்படி ஆகக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

அவளை ரஞ்சனி என்று முழுப் பேர் சொல்லியே கூப்பிட்டுப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள்தானே வைத்தோம்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

ஆடி வெள்ளிக்கு ஆர்டர் அதிகம். விடியற்காலையில் முதல் ஈடு எடுக்கும்போதே முகத்தில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். மாவு ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால் பிழிய வராது.

ரஞ்சனி எழுந்து வந்தாள். "தள்ளு" என்றாள். நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு பிழிந்தாள். கை நல்ல கைதான், சின்ன வயதில் பழகினது. கொப்பரையில் அடுக்கி மூடினாள். வெந்ததும் மூடியைத் திறந்தாள்.

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் மூடி அப்படியே இருந்தது. அடுத்த ஈட்டுக்குக் கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு திறந்தாள். அதற்கடுத்த ஈட்டுக்கு என்னைப் போலவே ஈரத்துண்டு.

நான் வாயைத் திறக்கவில்லை. சந்தனமாரிக்கு இது பெரிய காரியம். நாக்கு நுனியில் ஏழெட்டு கேலி வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

ஆர்டர் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழம வருவாவ?"

ஜூலை 29, செவ்வாய்

இருவரும் போனோம். என் முகத்தைப் பார்த்துப் பரவாயில்லை என்றார். இவள் முகத்தை விரலால் தடவிப் பார்த்து, "சீக்கிரம் வந்துட்ட. அம்மா அளவுக்குப் போகாது" என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ரஞ்சனி அழுதாள். கர்சீப்பால் ஒற்று, தேய்க்காதே என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது. கன்னத்தில் பொரிப் பொரியாக. மேனேஜர் மறுபடி கொலுசுப் பக்கம் மாற்றிவிட்டார். அங்கே ஸ்டூல் இருக்கிறதாம், உட்காரலாமாம். தங்கத்தில் நிற்கத்தான் வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என் பிள்ளைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அடுத்த ஞாயிறு கோவில்பட்டிக்காரர்கள் வருகிறார்கள். தள்ளிப் போடச் சொல்லித் தரகரிடம் பேசவா என்றார் வீட்டுக்காரர். புரட்டாசி வந்துவிட்டால் பிறகு ஐப்பசிதான். நானும் சரியென்றேன்.

ரஞ்சனி வேண்டாம் என்றாள். "இந்த மூஞ்சியோடதானப்பா இருக்கப்போறேன். பாத்துட்டுப் போட்டும்."

ராத்திரி அவள் பையைத் திறந்து பார்த்தேன். டியூப் இல்லை. தலையணைக்கு அடியில் பார்த்தேன், இல்லை. திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். "பரணுலயும் பாத்துக்கோ" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை, தாய் தகப்பன், ஒரு தங்கச்சி. கேசரி, வடை. மாப்பிள்ளை நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான், வடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தம்மா ரஞ்சனியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "தாய்க்கும் மகளுக்கும் முகத்துல என்ன?" என்றார்.

சூடு, வெயில், புதுச் சோப்பு என்று நான் மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். எதை எடுப்பது என்று பார்ப்பதற்குள் ரஞ்சனி சொல்லிவிட்டாள்.

"வெள்ளையாவணும்னு ஒரு க்ரீம் போட்டோம் அத்த. தப்புன்னு தெரிஞ்சி விட்டுட்டோம். சரியாக நாளாகும். சரியானாலும் ஃபோட்டோல உள்ள கலரு இருக்காது. அது என் கலரு இல்ல."

மாப்பிள்ளையின் அப்பா, வடை நன்றாக இருக்கிறது என்றார்.

டம்ளர் எடுக்க நானும் ரஞ்சனியும் அடுக்களைக்கு வந்தபோது மாப்பிள்ளையின் தங்கச்சி பின்னாலேயே வந்தாள். நல்ல வெள்ளை நிறம். ரஞ்சனியிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அது மஞ்சக் கலர் டியூபா?" என்றாள். ரஞ்சனி தலையாட்டினாள். அந்தப் பிள்ளை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. டாக்டரம்மா பேரையும் கிழமையையும் கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டது.

செப்டம்பர் 10, புதன்

தரகர் வந்தார். ஜாதகத்தில் ஏதோ சரியில்லையாம். முன்னால் பத்துப் பொருத்தமும் இருந்ததே, இப்போது அதற்கும் தோல் உரிந்துவிட்டதா என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ரஞ்சனியிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரி வரைக்கும் சும்மா இருந்தேன். சொன்னதும் "ம்" என்றாள். சாப்பிட்டாள். படுத்தாள். விளக்கை அணைத்தபிறகு என் பக்கம் திரும்பிப் படுத்து என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சுடவில்லை. சொரசொரப்பாக இருந்தது. தூங்கும்வரை கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

இருவரும் ஜெசிந்தா கடைக்குப் போனோம். டாக்டரம்மா இனிமேல் வேண்டியதைப் பார்த்து வாங்கலாம், ஒவ்வொன்றாக என்று சொல்லிவிட்டார். முகம் கழுவிக் காயவைத்து உட்கார்ந்தோம், தாயும் மகளும், இரண்டு ஸ்டூலில்.

எனக்கு முழுக்க வறண்ட தோலாம். நெற்றி, மூக்கு, எல்லாமே. அன்றைக்குப் பார்த்த எண்ணெய் இடியாப்பத் தட்டுக்குத் தடவினதோ என்னவோ. ரஞ்சனிக்கு எண்ணெய்த் தோல். அவள் அப்பா வழி. என் தோல்தான் அவளுக்கும் என்று நான் சொன்னது சுத்தப் பொய்யாகிவிட்டது. எனக்குக் கெட்டியான க்ரீம், அவளுக்குத் தண்ணியாக ஒன்று. ஒருவருடையதை மற்றவர் எடுக்கக் கூடாது என்று ஜெசிந்தா இரண்டு டப்பாவிலும் பேர் எழுதிக் கொடுத்தாள். சன்ஸ்கிரீன் மட்டும் இருவருக்கும் ஒன்று.

"கலருக்கு எதுவும் வேணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இது சோதனை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக ஒரு கறுத்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். பல் தெரியச் சிரிக்கிறாள். இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். நல்ல களையான பெண்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் ரஞ்சனி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுக்களையில் நின்றே சன்ஸ்கிரீன் போட்டாள். எனக்கும் கன்னத்தில் இரண்டு விரல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு பார்த்தால் டியூபின் மூடியைக் காணவில்லை. மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள். இடியாப்ப உரலில் ஒன்றும் அடைக்கவில்லை, எல்லாம் சுத்தமாகப் பிழிந்து வந்தது. ஆகவே புட்டில்தான் போயிருக்க வேண்டும். ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தேன். இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.